புஷ் முதலில், ஷாஃப்ட் கடைசியில்

கடைசல் பட்டறையில் எந்த இயந்திரத்தில் எந்த வேலை எப்போது ஏறும் என்று முடிவு செய்பவள் அண்ணி. நாத்தனாருக்கு மட்டுமல்ல, பட்டறைக்கே அவள் அண்ணிதான். அவள் கணக்கு எளியது. புது ஆளுக்கு முதலில் சின்ன வேலை கொடுக்க வேண்டும். கை பழகப் பழக நேரம் குறையும். பெரிய வேலையைக் கடைசியில் ஏற்றினால் மொத்தமும் சீக்கிரம் முடியும். இதை அவள் யாருக்கும் விளக்கியதில்லை. பலகையில் வரிசையை எழுதுவாள், கேட்டால் முறைப்பாள்.

அந்த வாரம் நாத்தனார் அங்கே சோதனை ஆளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சரக்கு நேரத்துக்கு வண்டி ஏறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி அண்ணன் கையை எதிர்பார்த்து வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அண்ணி அவளுக்கு புஷ்ஷாகவே எழுதினாள். விரல் நீள வளையம், அதையே நாள் முழுக்கக் கடைய வேண்டும்; ஷாஃப்ட் என்ற நீள இரும்புத் தண்டு வரிசையின் கடைசியில்தான். அவளோடு சேர்ந்த இன்னொரு புது ஆள் மறுநாளே ஷாஃப்டுக்குப் போய்விட்டான். நாத்தனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அண்ணி அந்தப் பக்கம் நகர்ந்ததும் பலகையில் தன் வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டு, பெரிய ஷாஃப்டைத் தூக்கி இயந்திரத்தில் மாட்டினாள்.

பழகாத கை ஆளைப் படுத்தி எடுத்தது. ஒரு ஷாஃப்ட் வீணாயிற்று, அடுத்தது ஊர்ந்தது. கை வசப்பட்டபோது நேரம் போய்விட்டிருந்தது; புஷ்ஷெல்லாம் தொடாமலே கிடந்தன. வண்டி பாதி காலியாகப் போனது.

பலகையில் ஷாஃப்டை முதலில் போட்டது யார் என்று மேலாளர் கேட்டார். நாத்தனாரின் முகம் வெளுத்தது.

"நான்தான் சார். கணக்குத் தப்பாயிடுச்சு" என்றாள் அண்ணி.

மேலாளர் புது ஆளைக் குற்றம் சொல்லவில்லை. நாத்தனாருக்கு இன்னொரு வாரம் கொடுத்தார். இனிமேல் பலகையைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அண்ணி சாக்பீஸை அவர் மேசையில் வைத்தாள்.

பேருந்துக்கு நிற்கும்போது நாத்தனார் கேட்டாள். "எனக்கு மட்டும் ஏன் அண்ணி அத்தனை புஷ்?"

"நீ மெதுவாத்தான் கத்துக்குவேன்னு கணக்குப் போட்டேன்."

"நான் மெஷின்ல நிக்கிறதைப் பார்த்துட்டா போட்டீங்க?"

"இல்ல. வீட்ல பாலைப் பொங்க விடுறதைப் பார்த்துட்டுப் போட்டேன்."

நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கணக்குத் தப்பாகிவிட்டது என்று மேலாளரிடம் தான் சொன்னது பொய்யே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.