மணத்தக்காளிப் பச்சைக்காய்

அதாவுல்லா கொத்தோடு ஒடித்து வந்த மணத்தக்காளியில் கறுத்த பழம் நாலுதான் இருந்தது, மிச்சமெல்லாம் பச்சைக்காய். அதையும் இலையோடு சேர்த்துத் தேங்காய்ப்பாலில் அவனே அவித்துக் கொடுத்தான். கண் மஞ்சள் பூத்துப் பாயில் கிடந்த மனைவி சுஹறா, பின்னேர அஸர் பாங்குக்குள் ஏழு தரம் சத்தி எடுத்தாள். அவனுடைய முதல் சமையல் அது. வீட்டுப் பூனை மட்டும் புத்தியாக விலகிப் போயிருந்தது.

தம்பிலுவில் பரியாரியார் புண்ணியமூர்த்தி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: “ஈரலுக்கு இலை நல்லம், பழுத்த பழமும் நல்லம். பச்சைக்காய் நஞ்சு, தம்பி.” ஆனால் அதாவுல்லா சீ.ரீ.பி.யின் பொத்துவில் பஸ்ஸில் கண்டக்டர். மிதிபலகையில் நின்று முதல் பாதியைக் கேட்டுவிட்டு, மறுபாதி வருமுன் அவனே மணியடித்து பஸ்ஸை எடுக்கவைத்தான். சத்திக்கு அடுத்த நாள்தான் அதே இடத்தில் இறங்கி மறுபாதியைக் கேட்டு வந்தான்.

போன வருஷச் சூறாவளி கூரை பிடுங்கிய வளவுகளிலெல்லாம் அந்தச் செடிதான் முளைத்துக் கிடந்தது. நிந்தவூரில் பஸ்ஸை நிறுத்தி இலை ஆய்வான். பிரயாணிகள் ஏசிக்கொண்டே தாங்களும் ஒரு பிடி ஆய்ந்து கொடுப்பார்கள். இப்போது ஒரு காய்கூடச் சேராமல் பார்த்துப் பார்த்து ஆய்ந்தான். மாதம் ஒன்றாயிற்று. சுஹறாவின் கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை. வயிறு ஊதியதுதான் மிச்சம்.

“காயாலதானா இப்பிடி?” என்று பரியாரியாரைக் கேட்டான்.

“பாப்பம், தம்பி.”

ஆஸ்பத்திரியில் கேட்டான். “மருந்தக் குடுங்க” என்றார்கள். மச்சினி றம்ஸியா, “அல்லாஹ் போதுமானவன், மச்சான்” என்றாள். ‘பஸ் எப்ப போகும்?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘றைவர் ஏறினாப் போகும்’ என்றே காலம் தள்ளியவனுக்கு, ஊரே சேர்ந்து அதே பதிலைத் திருப்பிக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இலைச்சுண்டல் தட்டோடு அவள் பக்கத்தில் குந்தினான்.

“புள்ள, இது சீ.ரீ.பி. ஸ்பெஷல். காய் இல்ல. பயப்புடாமத் தின்னு.”

சுஹறா இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். மெல்லவில்லை.

“எத்தின நாளைக்கு ஆயப் போறீங்க?”

“நீ எழும்புமட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. அவன் தட்டைக் கீழே வைத்தான்.

“செல்லு புள்ள. நான் தந்த காயாலதானா?”

“இல்ல. அது ஒரு நாள் சத்தி, அதோட போயிட்டு. ஈரல் அதுக்கு முந்தியே அழிஞ்சிட்டாம். பெரிய டாக்குத்தர் எனக்கிட்டச் செல்லிட்டார். உங்களுக்கிட்டச் செல்ல வேணாண்டு நான்தான் கேட்டன்.”

“அப்ப இந்த எல?”

“ஒண்டும் செய்யாது. வார நோன்புக்கு நான் உசிரோட இரிக்க மாட்டன்.”