எக்மோர்ல ஆள் நிக்கும்

லோகுவுக்கு பீச் ஸ்டேஷனில் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் வாரத்தில் பாதி நாள் காலையில் தாம்பரத்தில் டிக்கெட் எடுத்து பீச் வரைக்கும் போவார். அங்கே ஒரு டீ குடிப்பார். அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். மண்ணடி இரும்புக்கடையில் கம்பி தூக்கிய காலத்தில் உடம்பு பழகிய பாதை அது. செக்குமாட்டை அவிழ்த்துவிட்டாலும் வட்டமாகத்தான் நடக்கும் என்பாள் அவர் மனைவி செல்வம்மாள்.

வண்டி ஏறியதும் வாசலை ஒட்டின சீட்டில் உட்கார்ந்து, பச்சைத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, முதல் காரியமாகத் திட்ட ஆரம்பிப்பார். இரும்பு சீட்டைத் திட்டுவார். போனைப் பார்த்துத் தானே சிரிக்கிற ஜனத்தைத் திட்டுவார். கேட்க யாராவது அகப்பட்டால் திட்டு கதையாகிவிடும். அன்றைக்கு எதிர் சீட்டில் அகப்பட்டவள் ஸஹானா என்ற காலேஜ் பெண். அவள் செய்த ஒரே தப்பு, அவரைப் பார்த்துச் சிரித்தது.

"காதுல இன்னாத்தக் கேக்குற? எதுக்க ஒரு மனுசன் குந்திகினு கீறான், பாரு."

அவள் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள். "சொல்லுங்க தாத்தா."

அது போதும் அவருக்கு. மீட்டர்கேஜ் காலத்துச் சின்ன லைன் வண்டிக் கதையை எடுத்துவிட்டார். பலகை சீட்டு, மழைக்காலத்தில் ஊறி உப்பிய பலகை வாசனை, பக்கத்து லைனில் செங்கல்பட்டிலிருந்து வரும் கரிவண்டி ஜன்னல் வழியாகக் கண்ணில் போட்டுவிட்டுப் போகும் தூள். எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டு கேரியர்.

"சின்னப்பன்னு ஒருத்தன். பார்க் ஸ்டேசன் எதுக்க பிரஸ்ல வேல. விடிய முன்ன மொத வண்டிக்குப் போய்டுவான். அவன் பொஞ்சாதி காந்திமதி சோறாக்கி எடுத்துகினு குரோம்பேட்டைல நிக்கும். எங்க வண்டி வந்தா வாசல்ல எவன் நின்னாலும் கேரியர அவன் கைல திணிச்சி, 'பார்க்ல ஆள் நிக்கும்'னு சொல்லிட்டுப் போய்கினே இருக்கும். பேரு ஊரு ஒண்ணும் கேக்காது."

"எடுத்தவங்க ஏமாத்திட்டுப் போயிட்டா?"

"எவன் ஏமாத்துவான்? ஒருவாட்டி நண்டுக் கொழம்பு. சைதாப்பேட்டைக்குள்ள பொட்டி பூரா வாசன. ஒருத்தனாச்சும் மூடியத் தொறந்தானா? எச்சிய முழுங்கிகினு குந்தினு இருந்தோம். எறங்கவேண்டியவன் எறங்கறப்ப அடுத்தவன் கைல குடுப்பான். பார்க்ல சின்னப்பன் நிப்பான். அவ்ளோதான்."

"நைஸ் தாத்தா. இப்பல்லாம் அப்படி முடியுமா?"

"இப்பவா? இப்ப கூடப் பொறந்தவன் குடுத்தாக்கூட மோந்து பாத்துதான் வாங்கணும்."

ஸஹானா சிரித்தாள். வண்டி பல்லாவரத்தில் நின்றது.

பிளாட்பாரத்தில் நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். ஓடவும் முடியவில்லை, நடக்கவும் பொறுக்கவில்லை. ஏறி இறங்குகிற கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தவள் லோகுவிடம் வந்ததும் நின்றாள். தலை நரைத்த, துண்டு போட்ட பெரியவர். அதில் என்ன நம்பிக்கையோ அவளுக்கு.

"அய்யா, இத்தக் கொஞ்சம் புடிங்க. எக்மோர்ல ஆள் நிக்கும். எங்க வூட்டுக்காரரு, ஜெரோம்னு பேரு. குடுத்துருங்க அய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

லோகுவின் புத்தி யோசிப்பதற்கு முன்னால் கை நீண்டுவிட்டது. பழைய கை. பையை வாங்கிவிட்டது. வண்டி நகர்ந்தது. அந்தப் பெண் கும்பிட்டபடி பின்னால் போனாள்.

"தாத்தா! நீங்க சொன்ன மாதிரியே!" ஸஹானாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பர் தாத்தா நீங்க." அந்தச் சந்தோஷத்தோடேயே காதை அடைத்துக்கொண்டு சாய்ந்தாள். மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

லோகு மடியிலிருந்த பையைப் பார்த்தார். ஜவுளிக்கடை கட்டைப்பை. உள்ளே கறுப்பு பாலிதீன் கவர், அதற்குள் ஈரத்துணி சுற்றின ஏதோ ஒன்று. ஜில்லென்று இருந்தது. அசைத்தால் கிணுங்கென்று ஒரு சத்தம்.

வெள்ளைக் கவர் கிடைக்காமலா போய்விட்டது? எதற்குக் கறுப்புக் கவர்?

போன வருஷம் ஏ.டி.எம். வாசலில் 'அய்யா, நான் எடுத்துத் தரேன்' என்று நல்ல பிள்ளையாக வந்தவன் கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனும் 'அய்யா' என்றுதான் கூப்பிட்டான். ஸ்டேஷனில் வேறு, தெரியாதவர்கள் கொடுக்கும் பொருளை வாங்காதே என்று ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. போலீஸ்காரன் பிடித்தால் என்ன சொல்வது? யார் கொடுத்தது? தெரியாது. யாருக்கு? தெரியாது. உள்ளே என்ன? அதுவும் தெரியாது. கிழவனைக் கண்டால் எவளும் அவன் தலையில் எதையும் கட்டிவிடலாம் என்று ஆகிவிட்டது காலம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்ததுகூட நடிப்பாக இருக்கும்.

கிண்டியில் பெட்டியே காலியாகிற மாதிரி கூட்டம் இறங்கியது. லோகு பையைத் தன் சீட்டில் வைத்துவிட்டு அந்தக் கூட்டத்தோடு இறங்கினார். பிளாட்பாரத்தில் நாலு எட்டு முன்னால் நடந்து அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டார். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். அதில் அவருக்கு அப்போது துளி சந்தேகம் இல்லை.

எக்மோர் வந்தது.

"பச்சைத் துண்டு போட்ட பெரியவரு யாருனா கீறாங்களா? பல்லாவரத்துல ஏறின பை! பச்சைத் துண்டு!"

கசங்கின சட்டை, நாலு நாள் தாடி, தூக்கம் கெட்ட கண்கள். ஒரு ஆள் காதில் போனோடு ஒவ்வொரு வாசலாகக் கத்திக்கொண்டு வந்தான். லோகுவின் கை மேலே போயிற்று. துண்டை உருவிற்று. தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டது. பல்லாவரத்தில் பையை வாங்கின அதே கைதான்.

அந்த ஆள் வாசலில் தலையை நீட்டினான். "அய்யா, பல்லாவரத்துல ஒரு பொம்பள பை எதுனா குடுத்துச்சா?"

"இல்ல." லோகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொழந்தைக்குப் பால் அய்யா. தாய்ப்பால். புள்ளைய ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில வெச்சிகீறாங்க. யார்கிட்டயாச்சும் பாத்தீங்களா?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. பின் பெட்டியைப் பார்க்க ஓடினான். ஊதல் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

கறுப்புக் கவர் வெயில் படாமல் இருக்க. ஈரத்துணி கெடாமல் இருக்க. கிணுங்கினது புட்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது தையல் போட்ட வயிறு. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. செல்வம்மாள் மூன்று பிள்ளை பெற்றவள். அறுத்த வயிற்றோடு அவள் கூடத்தில் சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்த கண் இது. அது எப்படித் தெரியாமல் போயிற்று?

பார்க்கில் குதித்து இறங்கி, இடித்துக்கொண்டு பழைய பெட்டிக்கு ஓடி ஏறினார். அவருடைய சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பை இல்லை. ஸஹானாவும் இல்லை. வாசலோரம் பூக்கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள் என்கிற பூக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். தாம்பரத்திலிருந்து அவருடைய நண்டுக் குழம்புக் கதையை அவளும் கேட்டுக்கொண்டு வந்தவள்.

"வா பெர்சு. பச்சப்புள்ள பால உட்டுட்டு எங்கய்யா போன? புத்திய எங்க அடகு வெச்ச?"

"அந்தப் பை..."

"நல்ல காலம், அந்தப் பொண்ணு முழிச்சிக்கிச்சி. நுங்கம்பாக்கத்துல எறங்கவேண்டிய பொண்ணு, 'தாத்தா மறந்துட்டுப் போய்ட்டாரு'ன்னு எடுத்துகினு எக்மோர் வரிக்கும் வந்து எறங்கிச்சி. அந்த ஆளு அத வாங்கி மார்ல கட்டிகினு அழுவுறான். இன்னா மறதியோ போ."

லோகு வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார்.

"மறந்துட்டம்மா" என்று வந்தது.

"பாவம், வயசாச்சி" என்று பக்கத்தில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அன்றைக்கு பீச்சில் டீ குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னா, இன்னிக்கு வண்டிக் கத ஒண்ணும் இல்லியா? எவனும் உன்ன ஏமாத்தலியா?" என்றாள் செல்வம்மாள்.

"சும்மா கெட."

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு சோப்பு போட்டுத் துவைக்கிறேன் என்று அந்தப் பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் துண்டு காயவில்லை. ஈரத்தோடு மடித்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். தோளில் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. போகாமல் இருந்துவிடலாம் என்று வீட்டுக்குப் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தும் பார்த்தார். கால் கேட்கவில்லை.

அதே வண்டி. அதே பெட்டி. ஸஹானா அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"தாத்தா! நேத்து பயந்தே போயிட்டேன், எங்கயாவது விழுந்துட்டீங்களோன்னு. கிண்டில இறங்கிட்டீங்கன்னு பூக்காரம்மா சொன்னாங்க, எதுக்கு இறங்கினீங்க? துண்டு எங்க இன்னிக்கு?"

"ஈரம்."

அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பெயர் வெண்ணிலாவாம், பம்மலாம். குழந்தை எடை இல்லாமல் பிறந்துவிட்டதாம். தினம் பால் கொண்டுபோகிற தம்பி குணா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறானாம். அவன் வருகிற வரைக்கும் தானே கொண்டுபோவதாக ஸஹானா ஜெரோமிடம் சொல்லியிருக்கிறாளாம்.

"இன்னொண்ணு கேளுங்க தாத்தா. நேத்து ஜெரோம் அண்ணா பக்கத்து கோச்ல ஒரு வயசானவரைக் கேட்டிருக்காரு. அவரு மூஞ்சியைக்கூடத் திருப்பாம 'இல்ல'ன்னுட்டாராம். நீங்க பேசறதைக் கேட்டுட்டு அதைக் கேட்டா ஒரு மாதிரி இருந்துச்சு. உங்க காலத்து ஆளுதானே அவரும்?"

லோகு மஞ்சள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

பல்லாவரத்தில் வண்டி நிற்கும் முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெண்ணிலா நேற்றைவிட மெதுவாக வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. லோகு இரண்டு கையையும் நீட்டினார்.

"இருக்கட்டும் அய்யா, உங்களுக்கு எதுக்குச் செரமம்?" பை அவருடைய கைகளைத் தாண்டி ஸஹானாவிடம் போயிற்று. "பாப்பாவே எடுத்துகினு போவட்டும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. மறதி யாருக்குத்தான் இல்ல? எங்க அப்பா கண்ணாடியப் போட்டுகினே கண்ணாடியத் தேடுவாரு."

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

சின்ன லைன் வண்டியில் எவனாவது காந்திமதி கேரியரை இப்படிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் சின்னப்பன் சட்டையைப் பிடித்திருப்பான். ஏன்டா, நஞ்சா வைத்துக் கொடுத்தாள் என்று கேட்டிருப்பான். பெட்டியே சேர்ந்து காறித் துப்பியிருக்கும். லோகுவும் துப்பியிருப்பார். இங்கே எல்லோரும் பாவம் என்கிறார்கள், இடம் விடுகிறார்கள். நேற்று அவருடைய மடியில் பை வைத்தவள் இன்றைக்கும் அவரை நல்லவர் என்றுதான் நினைக்கிறாள், கொஞ்சம் மண்டை மழுங்கின நல்லவர்.

"உக்காருங்க தாத்தா, இடம் இருக்கே."

"நிக்கிறேன்."

மாம்பலத்தில் ஏறின கூட்டம் இடித்தது. நின்றார். நுங்கம்பாக்கத்தில் ஸஹானா இறங்கவேண்டிய இடம் வந்து போயிற்று. அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தூங்கவில்லை.

சேத்துப்பட்டு தாண்டியதும் லோகு மஞ்சள் பைக்குள் கையை விட்டார். துண்டை எடுத்து உதறினார். தோளில் போட்டார், நேற்றுப் போட்டிருந்த மாதிரியே. ஈரம் சட்டை வழியாக உடம்பில் ஏறிற்று. பையும் இப்படித்தான் ஜில்லென்று மடியில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி வாசலில் முன்னால் வந்து நின்றார்.

"இன்னும் ஈரமா இருக்கே தாத்தா, சளி பிடிக்கும்" என்றாள் பின்னால் வந்து நின்ற ஸஹானா.

எக்மோரில் ஜெரோம் சரியாக அந்த வாசலுக்கு நேரே நின்றிருந்தான். ஸஹானா இறங்கிப் பையைக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தான். அப்போது பச்சைத் துண்டு கண்ணில் பட்டிருக்க வேண்டும். மறதிக்காரப் பெரியவருக்குக் கும்பிடு போடக் கையைத் தூக்கினான். துண்டிலிருந்து முகத்துக்குப் பார்வை ஏறிற்று.

தூக்கின கை அங்கேயே நின்றது.

ஸஹானா ஜெரோமைப் பார்த்தாள். ஜெரோம் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். லோகு முகத்தைத் திருப்பவில்லை. கை துண்டுக்குப் போகப் பார்த்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஊதல் வந்தது. வண்டி நகர நகர, அவர்கள் இரண்டு பேரும் சின்னதாகி, பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் லோகு அவர்கள் பார்க்கும்படியாகவே நின்றுகொண்டிருந்தார்.