தூணுக்குப் பின்னால் பார்த்த நாடகம்

இது நடப்பதற்கு முன் அந்தப் பாட்டு நாடகத்தை எங்கள் அண்ணி முப்பத்தோரு தடவை பார்த்திருந்தார். அவருடைய நாத்தனாரான நான் நாற்பத்து நாலு தடவை. என் கணக்கு ஊருக்கே தெரியும், ஏனென்றால் நான்தான் சொல்லிக்கொண்டு திரிவேன். அண்ணியின் கணக்கு எனக்கும் அரங்கத்து வாசற்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர், மூடச் சொல்வது நான். நாடகத்தின் ரசிகர் குழுவுக்கும் நான்தான் செயலாளர் என்பதால், என் அபிப்பிராயத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு முந்தைய நடனம் இழுவை. புது வயலின்காரர் பரவாயில்லை. நாயகியின் குரலைப் பற்றி மட்டும் நான் குறை சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. அந்தப் பெண் மேல்சுரத்தில் நிற்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். நாற்பத்து நாலாவது தடவையும் சிலிர்த்தது.

கதை எளிமையானதுதான். துறைமுகத்தில் டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண். அவளை விரும்பும் கப்பல் தலைவன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். கடைசிப் பாட்டில் மேடையின் இடது பக்கம் கப்பலின் ஏணி இறங்கும். அவன் அதில் நின்றபடி தொப்பியைக் கழற்றிக் குனிவான். அரங்கமே தட்டும். பிறகு அவள் ஏணி ஏறிப் போய்விடுவாள், கப்பல் சங்கு ஊதும், விளக்கணையும். அந்தத் தொப்பியைப் பற்றி மட்டும் எங்கள் குழுவில் இரண்டு வருஷமாகப் பேசியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத்தான் நாங்கள் போவோம். நான் நட்டநடு வரிசையில் உட்காருவேன். அண்ணி வேலை பார்க்கும் உலர்சலவைக் கடை ஒரு மணிக்குத்தான் மூடும், அதனால் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வருவார். நாலு பேரை எழுப்பி, காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு உள்ளே நுழைவது அண்ணிக்கு ஆகாது. அதனால் வலது பக்கக் கதவை ஒட்டி, ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் இருக்கும் பதினேழாம் நம்பர் இருக்கையை வழக்கமாக வைத்துக்கொண்டார். அதை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் மேடையின் இடது பக்கம் தூணுக்குள் போய்விடும்.

திரும்பும்போது பேருந்தில் நான் பேசுவேன், அண்ணி 'ம்' கொட்டுவார். இரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று. 'உங்களுக்கு என்ன பிடிச்சுது?' என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு நூறாவது காட்சிக்கும் அரங்கத்தின் நுழைவுக்கூடத்தில் ஒரு ரசிகரின் கருத்தைப் பலகையில் பெரிதாக எழுதி வைப்பார்கள். ஒருவருடையது மட்டும்தான். அதைத் தேர்ந்தெடுப்பது நான். ஐந்நூறாவது காட்சி நெருங்கியபோது, ஒருநாள் அண்ணி என் கையில் ஏதோ வைத்தார். சலவைக் கடையில் துணியில் குத்தும் அடையாளச் சீட்டுகள் ஆறு, பின்னூசி போட்டு இணைத்தவை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பொடிப்பொடியான எழுத்து.

"பத்து நாளா எழுதினேன்" என்றார். "நல்லாயிருந்தா பலகையில போடேன். நான் எழுதினத இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல. 'கறை போகவில்லை'ன்னு எழுதறதத் தவிர."

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த பதினாறு வருஷத்தில் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். நான் படித்தேன்.

'கப்பல்காரர் நல்லவர்தான். ஆனால் அவர் போன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு மூச்சே வருகிறது. அவள் அழப்போகிற நேரம் பார்த்து விளக்குக்காரர் திரியை இறக்கிவிடுகிறார். தன் முகத்தையும் திருப்பிக்கொள்கிறார். அவள் அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது, அவர்கூட. இப்படி ஒரு ஆள் இருக்கிற ஊரை விட்டு யாருக்குப் போக மனசு வரும்? அவள் போகவில்லை. எனக்கு இந்த நாடகம் அதனால்தான் பிடிக்கும்.'

விளக்குக்காரரா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். மேடையின் வலது ஓரத்தில் அரிக்கேன் விளக்கோடு ஒருத்தர் நிற்பார், கூட்டத்தில் ஒருவராக. வசனம் கிடையாது. முகம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெண் ஏணி ஏறிப் போவதை அண்ணி பார்த்ததே இல்லை! அவள் தூணுக்குப் பின்னால் மறைவாள், உடனே விளக்கணையும். அண்ணிக்கு முப்பத்தோரு தடவையும் அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள்.

எங்கள் குழுவில் ஒரு குழாய் ரிப்பேர்காரர் உண்டு. முழு நாடகத்தையும் மனப்பாடமாகச் சொல்வார் என்பதால் அவருக்குப் பெயரே வசனம். எழுதியது யார் என்று சொல்லாமல் அவரிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவங்க எந்த நாடகத்தப் பாத்தாங்களாம்? இதப் பலகையில போட்டீங்க, வர்றவங்க எல்லாரும் வாசல்லயே சிரிச்சு முடிச்சிடுவாங்க."

அண்ணியைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். என் குழுவைப் பார்த்தும் சிரிக்கக் கூடாது என்று அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லது செய்கிற நினைப்பில், அடுத்த ஞாயிறு நட்டநடுவில் இரண்டு இருக்கை வாங்கி அண்ணியைப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். அதற்காக அவர் கடையில் அரை மணி முன்னதாகவே சொல்லிவிட்டு வந்தார்.

கப்பல் தலைவன் தொப்பியைக் கழற்றினான். எல்லாரும் தட்டினோம், அண்ணியும் தட்டினார். அவள் ஏணியில் முதல் படி வைத்தபோது அண்ணியின் கைகள் நடுவிலேயே நின்றுவிட்டன. அப்படியே மடியில் இறங்கின.

திரும்பும் பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் கேட்டார்: "தெனமும் போயிடறாளா?"

"ஆமா அண்ணி."

"நான் பாத்த முப்பத்தோரு தடவையும்?"

"ஆமா."

"அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டுடு."

"வேற ஒண்ணு எழுதுங்க அண்ணி. தொப்பியப் பத்தி எழுதலாமே."

"தொப்பியப் பத்திச் சொல்லத்தான் நீங்க எல்லாரும் இருக்கீங்களே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணி வரவில்லை. கடையில் துணி நிறைய இருக்கிறதாம். அதற்கு அடுத்த ஞாயிறும் துணிதான். அண்ணன், நாடகம் என்றால் பத்து நிமிஷத்தில் குறட்டை விடுகிற மனுஷன், என் வீடு தேடி வந்தார்.

"அவகிட்ட என்னதான் சொன்ன? தேய்க்கும்போது ஏதாவது பாடிக்கிட்டே இருப்பா. ரெண்டு வாரமா இஸ்திரிப் பெட்டிச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

சுருக்கென்றது. பலகைக்குக் கருத்து கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. வந்தவை அறுபது இருந்தன, அறுபதிலும் தொப்பி. மூன்றாவது ஞாயிறு நான் நட்டநடு இருக்கையை விட்டுவிட்டுப் பதினேழாம் நம்பரில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. முட்டி தூணில் இடித்தது. தலை உயரத்தில் தூணின் வண்ணம் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருந்தது. அண்ணி சாய்ந்து சாய்ந்து பார்த்த இடம். கப்பல் தலைவனின் உருவம் பாதி நேரம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ஆளைப் பார்க்காமல் கேட்டால் அவன் கொஞ்சம் தற்பெருமைக்காரன் என்று தோன்றியது. இத்தனை நாள் அந்த மீசை என்னை ஏமாற்றியிருக்கிறது.

கடைசிப் பாட்டு வந்தது. விளக்குக்காரர் எனக்கு மிக அருகில், பத்தடி தூரத்தில் நின்றார். நாற்பது வயசிருக்கும். மூன்றாம் சரணத்தின் முடிவில் அரங்கமே தட்டியது. தொப்பி கழன்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எல்லாக் கண்ணும் அங்கே இருந்த அந்த நேரத்தில் நாயகி இந்தப் பக்கம் திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. விளக்குக்காரர் அவசரமே இல்லாமல் திரியை இறக்கினார். அவள் முகத்தில் மட்டும் இருட்டு விழுந்தது. பிறகு அவர் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவள் அவருடைய முதுகை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை எழுத எனக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நடந்தாள். சங்கு ஊதியது.

எனக்கும் அவள் போனதாகவே தோன்றவில்லை. நாற்பத்து நாலு தடவைக்கு மேல் பார்த்த செயலாளர் அங்கே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். யாருமே பார்க்காத இடத்தில் ஒரு மனிதர் கிட்டத்தட்ட ஐந்நூறு காட்சியாக இதைச் செய்துகொண்டிருக்கிறார். அதை ஒரே ஒருத்தர் பார்த்தார். அண்ணி பார்த்தது தப்பு என்று நான் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

நேரே சலவைக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே அண்ணி ஒரு கோட்டின் தோள்பட்டைக்கு நீராவி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க எழுதினத மறுபடி சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"கிழிச்சாச்சுல்ல? தப்பானத எதுக்கு இப்ப?"

"தப்பில்ல. நான் இன்னிக்கு உங்க எடத்துல உக்காந்து பாத்தேன். அவர் திரிய இறக்கறார். நான் ஒருநாளும் பாக்கல. தப்பாப் பாத்தது நான்தான். என்ன மன்னிச்சிடுங்க."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "முகத்தத் திருப்பிக்கறாரே, அதையும் பாத்தியா?"

"பாத்தேன்."

"மொதல்ல திரி, அப்புறம் முகம். அதுதான் வரிசை. முகத்த மொதல்ல திருப்பிட்டா அவளுக்குச் சங்கடமா போயிடும்." அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. கோட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டபடி, "ஆனா அவ போயிடறா, இல்ல?" என்றார்.

"போயிடறா அண்ணி."

"அப்ப அதையும் சேத்துத்தான் எழுதணும். பொய் சொல்லக் கூடாது."

கோட்டு முடிந்து, இரண்டு சட்டையும் முடிவதற்குள் சொல்லி முடித்தார். ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். கடைசியில் இரண்டு வரி புதிதாகச் சேர்ந்தது: 'அவள் போய்விடுகிறாள் என்று என் நாத்தனார் காட்டினார். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அது தெரியாது, எனக்கு அங்கேதான் பிடித்திருக்கிறது.' கீழே பெயர் வேண்டாம் என்றார். 'பதினேழாம் நம்பர்' என்று போட்டேன்.

ஐந்நூறாவது காட்சி அன்று பலகைக்கு முன்னால் கூட்டம். குழாய் ரிப்பேர்காரர் வசனம் அதை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவே இல்லை. நேரே டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் போய், அடுத்த வாரத்துக்குத் தூண் இருக்கை காலியா என்று கேட்டார். அதன் பிறகு அது காலியாகவே இல்லை. இரண்டு வருஷம் யாரும் சீந்தாத இருக்கைக்கு இப்போது ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அண்ணிக்கே கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க எடத்தப் பறிச்சுட்டாங்களே அண்ணி" என்றேன். எனக்கே பாவமாக இருந்தது.

அன்று பதினேழில் ஒரு பெண், பேருந்து நடத்துநர் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். கடைசிப் பாட்டில் தொப்பி கழன்றது. அரங்கம் தட்டியது. அண்ணி மேடையைப் பார்க்கவே இல்லை. எட்டி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடை வெளிச்சத்தில் அவள் தூணில் சாய்ந்து முன்னால் குனிவது தெரிந்தது. பிறகு அவள் கை மெதுவாக எழும்பி வாயைப் பொத்தியது.

அண்ணி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"பாத்துட்டா" என்றார். "அவளும் பாத்துட்டா!"