சத்தம் போடாத பிள்ளைகள்

கூட்டத்திற்கு வந்திருந்தவர்கள்: முதலாளி, மின்விசிறிக்கு நேர்கீழே, மெத்தை வைத்த ஒரே நாற்காலியில். என்ஜினீயர், அவருக்கு வலப்பக்கம், தலையாட்டினால் முதலாளியின் கண்ணில் படுகிற தூரத்தில். பெரிய ஆயாவும் சின்ன ஆயாவும் கதவோரம், ஸ்டூல் காலியாக இருந்தும் நின்றபடி. தட்டச்சுப் பெண் ஜன்னலருகே, மடியில் காகிதத்தோடு. சுவரோரத் தொட்டில்களில் தையல் ஆலைப் பெண்களின் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களை யாரும் ஆளாகச் சேர்க்கவில்லை. அவர்களில் ஒருத்தி தட்டச்சுப் பெண்ணின் ஒன்றரை வயது மகள்.

கூட்ட அறைக்கு வெள்ளையடிப்பதால்தான் குழந்தைகள் அறையில் கூடியிருந்தார்கள். இல்லையென்றால் முதலாளி இந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார்.

தையல் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயரிடமே இந்த அறையும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சத்தம் போடாத இயந்திரம் நல்ல இயந்திரம் என்பது அவர் படித்த படிப்பு. அதைத்தான் பிள்ளைகளுக்கும் பொருத்திவிட்டார். தினமும் வெளியே நின்று கதவில் காதை வைப்பார். சத்தமில்லையென்றால் 'நன்று' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே எட்டிப் பார்த்தால் கௌரவம் குறைந்துவிடும் போல. ஆயாக்களுக்கு அவர் போட்ட உத்தரவு இரண்டு: தூக்கக்கூடாது, தூக்கினால் கைக்குப் பழகிவிடும்; பேச்சுக் கொடுக்கக்கூடாது, தூக்கம் கலைந்துவிடும்.

"மூச்சுச் சத்தம்கூட வராது சார். இதுக்கு எதுக்கு ரெண்டு ஆயா? சின்ன ஆயாவை நூல் பிரிக்க அனுப்பிடலாம். தலைமை அலுவலகத்துக்கு இன்னிக்கே எழுதிப் போட்டுட்டா முடிஞ்சுது" என்றார் என்ஜினீயர்.

தட்டச்சுப் பெண் குறித்துக்கொண்டாள். அவளுக்கும் இந்த அமைதியில் பெருமைதான். "என் பொண்ணு படுத்தவே மாட்டா அண்ணி" என்று நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். "அது சரி, அம்மான்னு கூப்பிடறாளா?" என்று அண்ணி கேட்டதற்கு, "அதெல்லாம் கூப்பிடுவா" என்று பேச்சை மாற்றியிருக்கிறாள்.

பேச்சின் உற்சாகத்தில் என்ஜினீயர் வீசிய கை தேநீர்த் தட்டில் பட்டது. தட்டும் டம்ளர்களும் தரையில் விழுந்து அறையே அதிர்ந்தது. முதலாளி நாற்காலியோடு துள்ளினார்.

குழந்தைகள் எல்லோரும் திடுக்கிட்டார்கள். ஒன்றுகூட அழவில்லை. தட்டச்சுப் பெண்ணின் மகளுக்கு உதடு பிதுங்கியது, முகம் சிவந்தது. தாயை ஒருமுறை பார்த்தாள். கையை நீட்டவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, தொட்டில் கம்பியை விரலால் தேய்க்கத் தொடங்கினாள்.

தட்டச்சுப் பெண் மடியிலிருந்த காகிதத்தை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"பாத்தீங்களா சார், என்ன ஒழுக்கம்" என்றார் என்ஜினீயர்.

முதலாளி சிரித்தார். "எங்க வீட்ல பேரன் இருக்கானே, பூனை கத்தினாக்கூட ஊரைக் கூட்டிடுவான்."

"இங்க அனுப்புங்க சார். பத்து நாள்ல சரிபண்ணித் தரேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. "என்னய்யா பேசற? என் பேரனையா?"

என்ஜினீயர் குனிந்து, விழுந்த டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

தட்டச்சுப் பெண் எழுந்தாள். "இந்தக் கடிதத்தை நான் அடிக்கமாட்டேன் சார்."

"வேலை வேண்டாமா உனக்கு?" என்றார் முதலாளி.

"வேணும். ஆனா உங்க பேரனுக்கு ஆகாதது என் பொண்ணுக்கு மட்டும் எப்படி ஆகும்? இதுங்க அழாம இருக்கறது ஒழுக்கம் இல்ல சார். அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுகிட்டதுங்க. பாலும் தொட்டிலும் மட்டும் போதாது. தூக்கறதுக்கு ஒரு கை வேணும், பேசறதுக்கு ஒரு வாய் வேணும். புள்ளைங்க படிக்க ஆரம்பிக்கறது பள்ளிக்கூடத்துல இல்ல, தொட்டில்ல."

"நாங்க என்ன கல்லா, தங்கச்சி? பேசினா வேலை போயிடும்னாங்களே" என்றாள் சின்ன ஆயா, தரையைப் பார்த்தபடி.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பதில் அதுதான். கூட்டம் கலைந்தது.

தட்டச்சுப் பெண் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதினாள், தொழிலாளர் நல அலுவலகத்துக்கு. ஆயாக்களைக் குறைக்கக்கூடாது, பிள்ளைகளைத் தூக்கவும், பேசவும், பாடவும், விளையாட்டுக் காட்டவும் பழகிய ஒருவரைக் கூடுதலாகப் போட வேண்டும், யாராவது வந்து உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். தன் பெயரைக் கீழே எழுதினாள். ஆயாக்கள் இருவரும் தயங்கித் தயங்கித் தங்கள் பெயரையும் சேர்த்தார்கள்.

"இது பேனா. இது உறை. இது பசை, தொடாதே, ஒட்டிக்கும்" என்று ஒவ்வொன்றாக மகளிடம் சொன்னாள். குழந்தை பொருள்களைப் பார்க்கவில்லை. பேசுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

தெருமுனையில் நின்று, "இது தபால்பெட்டி" என்று சொல்லிக் கடிதத்தை உள்ளே போட்டாள்.