பூஜையில் வைத்த சிடி

"எல்லாத்தையும் கொண்டாந்துட்டியா இளமதி? வூட்ல ஒண்ணு கூட இருக்கக்கூடாது, ஆமா" என்று சொல்லிக்கொண்டே கலைச்செல்வன் கம்ப்யூட்டர் மானிட்டரின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம் பூசினார்.

அன்று ஆயுத பூஜை. உத்திரமேரூர் பஸ் நிலையத்தை ஒட்டிய தெருவில் அவருடைய ஸ்டுடியோ. ஃபிலிம் ரோலை மூட்டை கட்டிவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான். அதைப் பார்த்துக்கொள்பவள் இளமதி. திருப்புலிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள்.

போன கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒரு கல்யாணமே கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துபோனது. பெண் வீட்டார் கடையேறி வந்து காறித் துப்பினார்கள். அதற்குப் பிறகு இளமதி ஓர் ஏற்பாடு செய்தாள். எடுத்த படங்களைச் சிடியில் ஏற்றித் தன் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. கடைக்கு என்ன ஆனாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். அதில் நம்ம கலைச்செல்வன் பக்தியைக் கொண்டுவந்து நுழைத்தார். சோறு போடுகிற சாமானெல்லாம் சாமி முன்னால் இருக்க வேண்டுமாம்! டிரங்குப் பெட்டியில் நிம்மதியாகக் கிடந்த சிடிகள் அத்தனையும் இப்போது ஓர் அட்டைப்பெட்டியில், கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே, பொரி கடலையோடு உட்கார்ந்திருந்தன.

அவற்றில் ஒன்றில் அம்முலுவின் முதுகு இருந்தது.

அம்முலு சாலவாக்கம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பச்சமுத்து சொந்த டிராக்டர் வைத்திருக்கிறவன். இரண்டு மாசத்துக்கு முன்னால், குழம்பில் உப்பு கூடிப்போனது என்று பெல்ட்டைக் கழற்றி விளாசினான். ஆஸ்பத்திரியில் அவனே பக்கத்தில் நின்றதால் "வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். அங்கே அப்படியே எழுதிக்கொண்டார்கள். மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஸ்டுடியோவுக்கு வந்து இளமதியிடம் முதுகைத் திறந்து காட்டினாள். பெல்ட் கொக்கியின் சதுர அச்சு முதுகெங்கும் ரத்தம் கட்டிக் கிடந்தது. சில இடங்களில் தோலே பிய்ந்திருந்தது. வழுக்கி விழுந்தால் கொக்கி அச்சா பதியும்? இளமதி அழுதுகொண்டேதான் படம் எடுத்தாள்.

அப்படியே தாய்வீடு போய்ச் சேர்ந்த அம்முலு வழக்குப் போட்டாள். ஆனால் அவளுடைய ஐந்து வயது மகள் இந்து அவனிடம் மாட்டிக்கொண்டாள். பிள்ளை மேலும் கை நீட்டுகிறவன் அவன். பூஜை விடுமுறை முடிந்ததும் அந்தப் படங்களைக் கோர்ட்டில் காட்டிப் பிள்ளையை மீட்க வேண்டும். பிரிண்ட் போடுகிற லேப் காஞ்சிபுரத்தில் இருந்தது. "லீவு கழியட்டும், போட்டுக்கலாம்" என்று கலைச்செல்வன் தள்ளிப் போட்டிருந்தார். கேமரா கார்டிலோ அந்தப் படங்களை அழித்து அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது.

கற்பூரம் அணைந்ததும் இளமதி மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, பூஜதான் முடிஞ்சிடுச்சே. சிடிங்கள எடுத்துக்கினு கெளம்பட்டா?"

"இன்னா பேச்சு பேசற நீ? பூஜைல வெச்சத நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது. தெய்வக் குத்தம்."

"அம்முலு அக்காவோட சிடிய மட்டுமாவது குடுங்கண்ணா. மனசு கேக்கல."

"ஒரு நாள்ல இன்னா ஓடியா பூடப்போவுது? சாமியே காவலுக்குக் கீது. சும்மா பேஜார் பண்ணாத."

இதே மனுஷன்தான் முந்தின நாள் டீக்கடையில், "பச்சமுத்து லட்சணம் எங்கிட்ட படமா ரெண்டு காப்பி கீது" என்று மீசையை முறுக்கியவர். வாய் சும்மா இருந்தால்தானே!

வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமம் இன்னும் காயவில்லை. டிராக்டர் ஒன்று அதன் மேலேயே ஏறி நின்றது. பச்சமுத்து குதித்து இறங்கினான். பின்னால் இரண்டு தடியன்கள், ஒருவன் கையில் பெட்ரோல் கேன். பச்சமுத்துவின் கையில் கொடுவாள். அதன் அலகிலும் சந்தனம், குங்குமம். தன் வீட்டுப் பூஜையிலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வந்திருந்தான். தெய்வக் குத்தமெல்லாம் அவனுக்குக் கிடையாது போலிருக்கிறது.

"எங்கடா எம் பொண்டாட்டி படம்?"

கலைச்செல்வன் எழுந்து வாயைத் திறப்பதற்குள் முதல் வெட்டு மானிட்டரில் விழுந்தது. கண்ணாடி வெடித்துச் சிதறியது. தடுக்க நீட்டிய கையில் இரண்டாவது வெட்டு. முழங்கைக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் பொரித் தட்டில் கொட்டியது. இளமதி சிடிப் பெட்டியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒருவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். அப்படியும் அவள் விடவில்லை. பச்சமுத்து அவள் வயிற்றில் உதைத்தான். பெட்டி விழுந்தது.

"ரெண்டு காப்பியாம் ரெண்டு காப்பி!" என்று கத்தியபடி சிடிகளைப் பூட்ஸ் காலால் மிதித்து நொறுக்கினான். கம்ப்யூட்டர் பெட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, உடைந்த சிடிகளை அதன் மேல் கொட்டிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். தெருவே கூடி நின்றது. ஒருவர் கையிலும் ஒரு குடம் தண்ணீர் இல்லை. பூஜைப் பொரியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், பாவிகள்!

போலீஸ் வந்து பச்சமுத்துவைப் பிடித்துப் போனது. மூன்றாம் நாளே ஜாமீனில் வந்துவிட்டான். கோர்ட் திறந்ததும், பிள்ளை விஷயத்தில் ஆதாரம் இல்லையென்று வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அதுவரை இந்து அப்பன் வீட்டில்தான்.

அந்தச் சேதியோடு அம்முலு ஸ்டுடியோவுக்கு வந்தாள். வாசலெல்லாம் கரி படிந்த கடையில், கட்டுப்போட்ட கையோடு கலைச்செல்வன் உட்கார்ந்திருந்தார். நெற்றி வீங்கிய இளமதி கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காப்பி வெச்சிருந்தேன் தங்கச்சி" என்றார் கலைச்செல்வன். "ரெண்டும் பூட்சி. இனிமே கடையில ஒண்ணு, இளமதி வூட்ல ஒண்ணு, வாலாஜாபாத்துல எம் மச்சான் வூட்ல ஒண்ணு..."

அம்முலு திரும்பி நின்று முந்தானையை விலக்கினாள். ரவிக்கைக்கு மேலே தெரிந்த முதுகில் கொக்கி அச்சு ஒன்றுகூட இல்லை. எங்கோ சில வெளிர்த் தழும்புகள்.

"ஆறிப்போச்சுண்ணா. இப்ப நான் இன்னா பண்ணட்டும்? திரும்ப அவங்கிட்ட போயி அடி வாங்கிக்கினு வரட்டுமா? இந்தத் தபாவாவது பத்திரமா வெப்பியா?"

இளமதியின் கையிலிருந்த துடைப்பம் நின்றது. கலைச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அவன் கொளுத்தல தாயி, நாந்தான் கொளுத்துனேன். தனித்தனியா இருந்தத ஒண்ணா சேத்து அவன் கையில குடுத்ததே நாந்தான். ஒரே கூரைக்குக் கீழ இருந்தா ரெண்டு இன்னா, நூறு காப்பியும் ஒண்ணுதான்! அடுத்தவங்க நம்பிக் குடுத்த உசுர வாங்கி வெச்சிக்கினு, காவல் காக்கற வேலைய சாமி தலையில கட்டுனேன் பாரு, எனக்கு இது வேணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வக்கீல்கிட்ட போலாம் வா. இந்த வெட்டக் காட்டுறேன். பாத்தத நானும் இளமதியும் கூண்டுல ஏறிச் சொல்றோம்."

"அது வரைக்கும் எம் பொண்ணு அவன் வூட்லதாண்ணா கீது" என்றாள் அம்முலு.