மழமழவென்று ஒரு முகம்

வீடியோ எடிட்டருக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். "என்கிட்ட குடுங்க, மூஞ்சியில மரு இருந்தாக்கூட எடுத்துக் காட்டுறேன்" என்று அவன்தான் வலியப் போய்ச் சொன்னான். அவன் அக்காள் புருஷனின் மண்டையை யாரோ இரும்புக் கம்பியால் பிளந்துவிட்டு ஓடியிருந்தார்கள். எதிர்க்கடைக் கேமராவில் பதிவான காட்சியோடு அக்காவும் அவளுடைய இரண்டு கொழுந்தன்களும் காலையிலேயே அவன் அறைக்கு வந்துவிட்டார்கள். பெரிய கொழுந்தன் கையிலும் ஒரு கம்பி இருந்தது. ஆள் தெரிந்ததும் நேரே அவன் வீட்டுக்குத்தான் போவதாக ஏற்பாடு.

திரையில் ஒரே இருட்டு. அதன்மேல் மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள். கம்பி ஏறி ஏறி இறங்குகிறது. மாமாவின் கால் துடித்து அடங்குகிறது. அடித்தவன் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறான். அங்கே நிறுத்திப் புள்ளிகளைக் குறைத்தான் எடிட்டர். பாதி குறைந்ததும் இடது கன்னத்தில் கோடாக ஒரு தழும்பு தெரிந்தது. அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் புள்ளியோடு முகமும் சேர்ந்து அழியும் என்பது அவனுக்குத் தெரியாததா? ஆனால் அக்கா அழுதாள்.

"ஒண்ணுமே தெரியலடா. இன்னும் சுத்தம் பண்ணு."

பண்ணினான். தழும்பு போயிற்று, மூக்கோரத்து மடிப்பு போயிற்று. மழமழவென்று ஒரு முகம் வந்து நின்றது.

"நிறுத்து" என்றான் பெரியவன். "அண்ணி, இது யாரு?"

எடிட்டர் திரைக்குக் கிட்டே குனிந்தான். அச்சு அசலாக அவன் முகம்.

போன வாரம் மாமா அக்காவை அறைந்தபோது, அவர் சட்டையைப் பிடித்து, "இன்னொரு தடவ கை வெச்சா மண்டைய ஒடச்சிருவேன்" என்று கத்தியவன் அவன். கொழுந்தன்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"நானில்ல! ரொம்பத் தேய்ச்சா எல்லா மூஞ்சியும் இப்படித்தான் ஆகும். தழும்பு இருக்கு, இருங்க." பதறியடித்துப் பழையபடி வைத்தான். புள்ளிகள் திரும்பின, கோடும் திரும்பியது.

"மாட்டுனதும் படத்து மேல சேத்த அள்ளிப் பூசுறியா?" என்று கம்பியை ஓங்கினான் பெரியவன்.

முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. சின்னவன் அவனை நாற்காலியோடு கவிழ்த்து முகத்தில் மிதித்தான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்ட, மேசையைப் பற்றி எழுந்து, "கன்னத்தப் பாருக்கா" என்று திரையைத் தொட்டான் எடிட்டர். அடுத்த அடி இடது கன்னத்தில் விழுந்தது. கண்ணோரத்திலிருந்து தாடைவரை பிளந்துகொண்டது.

பெரியவன் அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"தழும்பு கேட்டான்ல அண்ணி? இப்ப பாருங்க."

எடிட்டர் அக்கா பக்கம் கையை நீட்டினான். அன்றைக்குச் சட்டையைப் பிடித்தது யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் நம்பி அவளைப் பார்த்தான். அக்கா திரையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"ஒரு வித்தியாசமும் இல்ல" என்றாள்.