அப்பா எழுதிய சொல்

அந்தக் கச்சேரிக்குப் போகவே வேண்டாம் என்றான் தம்பி. போய்த்தான் ஆகவேண்டும் என்றாள் அக்கா. காலையிலிருந்து மூன்று முறை போனில் இதே சண்டை. நாலாவது முறை அவன் கூப்பிட்டபோது அவள் அரங்கத்தின் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அங்க போய் என்னக்கா பண்ணப் போற?"

"பாடகரைப் பார்த்து, அப்பா பேரை மேடையில சொல்லாதீங்கன்னு கேக்கப் போறேன்."

"கேட்டா விட்டுடுவாரா? 'பாவையே எழுதியது யார்? இன்று மேடையில்'னு கொட்டை எழுத்துல போஸ்டர் அடிச்சிருக்காங்க. பேரு வெளிய வந்தா அம்மா காதுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்?"

"எட்ட விடமாட்டேன். வை போனை."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

விஷயம் நாற்பத்திரண்டு வருடப் பழசு. அவளுடைய அப்பா துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் எழுத்தர். சட்டையின் மேல் பொத்தானைக்கூடத் திறந்துவிடாத மனிதர். அவர் ஒரு பாட்டு எழுதி, தெரிந்த பாடகர் ஒருவரிடம் கொடுத்தார். அந்தப் பாடகர் எழுதியவர் பெயரையும் சொல்லி அதை மேடையில் பாடினார். 'பாவையே, நீ கொண்டதைத் தா' என்று தொடங்கும் பாட்டு. ஒரே மாதத்தில் அது ஊர் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூடவே கேள்வியும் வந்தது. யாரந்தப் பாவை? அவளிடம் இவர் எதைப் பறிகொடுத்தார்? அலுவலகத்தில் கண்ணடித்துக் கேட்டார்கள். அம்மா கண்ணடிக்காமல், சாப்பிடும் நேரத்தில், பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் எழுதினது அது இல்ல" என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

பாடகரே பெயரைச் சொல்லிப் பாடியிருக்கும்போது இது பச்சைப் பொய் என்று அம்மா முடிவு கட்டினாள். இனி என் பெயரைச் சொல்லக் கூடாது என்று அப்பா அந்தப் பாடகரிடம் வாக்கு வாங்கினார். பாட்டு அநாதையாகிப் புகழ் பெற்றது. வீட்டிலோ, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளைகள் வழியாகத்தான் அம்மா பேசினாள். அப்பா கண்ணை மூடும்வரை அப்படித்தான். குடும்பத்தின் மானம் போகக் கூடாதென்று அக்காவும் தம்பியும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். இப்போது அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அந்தப் புண் ஆறவில்லையென்றாலும் காய்ந்திருந்தது. அதை யாரும் கீறக் கூடாது.

"ப்ரூஃப் அக்கா! வாசலைக் காவல் காக்க வந்தீங்களா, பாட்டுக் கேக்க வந்தீங்களா?"

பல் டாக்டர் அம்மாளின் குரல். பக்கத்தில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மூவரும் இருபது வருடமாக ஒன்றாகக் கச்சேரி கேட்கிறவர்கள். நாலாவது வரிசை, நடைவழியை ஒட்டி மூன்று இருக்கைகள். டாக்டர் அம்மாள் ஆலாபனையின்போது மிட்டாய்த்தாளைச் சரசரக்கவிடுவாள். கடிகாரக்காரர் தொடையில் தாளம் போட்டபடி முறைப்பார். 'பாவையே' தொடங்கினால் மட்டும் அக்கா தலைவலி என்று எழுந்து வெளியே போய்விடுவாள். அந்தப் பாட்டின் முதல் வரியைத் தாண்டி அவள் கேட்டதே இல்லை.

முதல் பாதி முழுவதும் அவள் காதில் எதுவும் ஏறவில்லை. மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"யாரு, கடன்காரனா?" என்று டாக்டர் அம்மாள் காதைக் கடித்தாள்.

"தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இடைவேளைக்கு விளக்குகள் எரிந்ததும் அக்கா இருவர் கையையும் பிடித்து ஒரு தூணின் பக்கம் இழுத்துப்போய், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். டாக்டர் அம்மாள் வாயிலிருந்த மிட்டாயைச் சுவைக்க மறந்தாள்.

"இருபது வருஷமா தலைவலி மாத்திரை குடுத்தேனே உங்களுக்கு!"

"மன்னிச்சுக்கோங்க. இப்ப அவரைப் பார்க்கணும். உள்ள விடுவாங்களா?"

"விடாம? அந்தப் பாடகரோட கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினதே நான்தான். வாங்க."

மேடைக்குப் பின்னால் குறுகலான அறை. ஒரு கண்ணாடி, தரையில் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள், பாதி குடித்த தண்ணீர்ப் புட்டிகள். தாளக்காரர் வாத்தியத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பாடகரின் சீடர்தான் இந்தப் பாடகர். குருவின் பாட்டு நோட்டுக்குள் 'பாவையே' எழுதிய மூலக் காகிதம் கிடைத்ததாம். அடியில் அப்பாவின் கையெழுத்து. யாருடைய மகள் என்று அக்கா சொன்னதும் அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நீங்க அவரோட பொண்ணா? நானே மேடையில ஏத்தி மரியாதை பண்ணணுமே!"

"அந்த மரியாதை வேண்டாம். அவர் பேரைச் சொல்லாதீங்க. கேட்டுக்கத்தான் வந்தேன்."

பாடகரின் முகம் சுருங்கியது. "ஏம்மா? இவ்வளவு பெரிய பாட்டு. பெத்தவர் பேர் இல்லாம கிடக்கலாமா?"

"எங்க வீட்டுக்கு அது பெருமை இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த காகிதத்தை அவள் கையில் கொடுத்தார். இதைப் பார்த்தால் மனம் மாறுவாள் என்று நினைத்தார் போலும். பழுத்த தாள். சாய்வில்லாத, விறைத்த எழுத்து. எழுதிய காகிதம் கைக்கு வந்தால் பிழை பார்க்காமல் விடுகிற கண் அக்காவுடையது இல்லை. அப்பா எழுதியது என்றாலும் அப்படித்தான். முதல் வரியைத் தாண்டினாள். இரண்டாவது சரணத்தையும் தாண்டினாள். மூன்றாவதில் கண் நின்றுவிட்டது.

'பலகை நனைந்த காலையிலே
என் முறைக்குப் போனவனைத் தா.'

"இந்தச் சரணத்தை நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"யாரும் பாடறதில்லம்மா. காதல் பாட்டுல பலகை எங்கேர்ந்து வந்துச்சுன்னு குருவே விட்டுட்டார்."

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடுகிற பலகை அது. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, மழை விட்ட ஒரு காலையில், பெரியப்பா அந்தப் பலகையிலிருந்து வழுக்கிக் கடலில் விழுந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவரும் அதே துறைமுகத்தில்தான் வேலை பார்த்தார். அன்று அப்பாவின் முறை. அவருக்குப் பதிலாகப் பெரியப்பா போயிருந்தார். அதன்பிறகு பெரியப்பாவின் பெயரை வீட்டில் அப்பா உச்சரித்ததே இல்லை.

போனவனைத் தா. இதை ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பார்?

அவள் திரும்ப முதல் சொல்லுக்கு வந்தாள். பா. வை. யே. அச்சகத்தில் ஆயிரம் முறை திருத்திய பிழை அது. கையெழுத்தில் 'ர'வும், துணைக்காலும் ஒன்றுபோலவே நிற்கும். அடியில் ஒரு சின்ன இழுப்புத்தான் வித்தியாசம். அது மங்கினால் 'ர' காலாகிவிடும்.

"உங்க பூதக்கண்ணாடி இருக்கா?" என்று கடிகாரக்காரரைக் கேட்டாள்.

அது இல்லாமல் அவர் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"'தா'ல இருக்கிற கால் நேரா நிக்குது. எல்லா எடத்துலயும் அப்படித்தான். முதல் சொல்லுல மட்டும் அடியில வால் மாதிரி ஒரு இழுப்பு. கீழ 'நீரே'ங்கிற சொல்லுல இருக்கிற 'ர'வுக்கும் அதே வால்."

"அப்ப அது பாவை இல்ல" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பரவை."

பரவை என்பது கடலுக்குப் பழைய பெயர். அப்பா பழைய நூல்களைத் தேடிப் படித்தவர்.

தாளக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? 'பா'ன்னு இழுக்கிற அந்த எடத்துல ரெண்டு தட்டு விழணும்னு என் கை எப்பவும் துடிக்கும். 'ப', 'ர'. சரியா உட்காருது."

பாடகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே முதல் மணி அடித்தது.

"அம்மா, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா ஆயிரம் பேர் கூடவே பாட வந்திருக்காங்க. நான் மாத்திப் பாடினா, வரி மறந்து உளர்றான்னு கேலி பண்ணுவாங்க."

"பேரைச் சொல்றதா இருந்தா, சொல்லைத் திருத்திப் பாடுங்க. சொல்லைத் திருத்த முடியாதுன்னா பேரைச் சொல்லாதீங்க. ரெண்டுல ஒண்ணு."

இரண்டாவது மணி. பாடகர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா என்று தெரியவில்லை. அதற்குள் அவரை மேடைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

நாலாவது வரிசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் அம்மாள் மிட்டாய்ப் பக்கமே போகவில்லை. ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்று முடிந்தது. ஒவ்வொரு கைதட்டலுக்கும், அடுத்தது அதுதானோ என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பாடகர் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இழுத்தார். பின்னால் திரையில் அந்தக் காகிதம் ஆள் உயரத்துக்கு விரிந்தது.

"இத்தனை வருஷமா நாம தேடின கவிஞர் இவர்தான்" என்று சொல்லி, அப்பாவின் முழுப் பெயரையும் தெளிவாக உச்சரித்தார்.

அரங்கம் அதிர்ந்தது. நாற்பத்திரண்டு வருடம் மூடி வைத்தது ஒரு நொடியில் திறந்துவிட்டது. இனி எல்லாம் ஒரே ஒரு எழுத்தில் இருந்தது. சுருதி எழுந்தது. பாடகர் கண்ணை மூடினார். வாயைத் திறந்தார்.

"பாவையே..."

கூடவே அரங்கம் முழுவதும் "பாவையே" என்று இழுத்தது.

பயந்துவிட்டாரோ, வாய்ப் பழக்கமோ, தெரியாது. அக்கா எழுந்து நின்றாள். இருபது வருடமாக இந்த இடத்தில் வெளியே போக எழுந்தவள்தான். இன்று கால் நகரவில்லை.

"தப்பு!"

பிழை திருத்துகிறவளின் குரல் அது. மேடைவரை எட்டியது. பாட்டு பாதியில் அறுந்தது.

"உட்காருங்கம்மா! கச்சேரி கேக்கறதா வேண்டாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"நீ உட்காருய்யா! வாயை மூடு, இல்லேன்னா நாளைக்கு என்கிட்டதான் வந்து திறக்கணும்" என்று டாக்டர் அம்மாள் திரும்பிச் சீறினாள்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. திரையில் நின்ற எழுத்தையே பார்த்துச் சொன்னாள்.

"அதை எழுதினவரோட பொண்ணு நான். அவர் எந்தப் பொண்ணையும் பார்த்து அதைப் பாடல. அது பாவை இல்ல, பரவை. கடல். அவரோட அண்ணன் கடல்ல போயிட்டார். அவரைத் திருப்பிக் கேக்கற பாட்டு அது. நீங்க பாடாத மூணாவது சரணத்துல எல்லாம் இருக்கு. அப்பா பேரைச் சொல்லிட்டீங்க. இனி அவர் எழுதினதைப் பாடுங்க."

பாடகர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு சபையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மன்னிக்கணும். அம்மா முன்னாடியே சொன்னாங்க. எனக்குத்தான் தைரியம் வரல."

தாளக்காரரின் விரல் இரண்டு முறை விழுந்தது. ப. ர. "பரவையே, நீ கொண்டதைத் தா" என்று பாட்டு மறுபடி எழுந்தது. இந்த முறை கூடப் பாட யாருக்கும் வாய் வரவில்லை. கடிகாரக்காரர் தொடையில் போட்ட தாளத்தை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார்.

கையில் போன் அதிர்ந்தது. தம்பியாக இருக்கும் என்று அக்கா கதவருகே போய்ப் பேசினாள்.

"அக்கா, எல்லாம் போச்சு. அங்க வந்திருக்கிற எதிர்வீட்டம்மா அப்பவே போன் பண்ணிட்டாங்க. அம்மா என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கறாங்க..."

சிறிது சலசலப்பு. பிறகு அம்மாவின் மூச்சு.

"உங்கப்பா பேரை மேடையில சொன்னாங்களாமே."

"சொன்னாங்கம்மா. ஆனா பாட்டு அது இல்ல. கடலைப் பார்த்து எழுதியிருக்கார். பரவைன்னு எழுதினதைப் பாவைன்னு தப்பாப் படிச்சிருக்காங்க. அவர் கேக்கறது பெரியப்பாவை. 'என் முறைக்குப் போனவனைத் தா'ன்னு எழுதியிருக்கார்மா. என் கண்ணால பார்த்தேன்."

உள்ளே மூன்றாவது சரணம் நடந்துகொண்டிருந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா? இருக்கியா?"

"அன்னிக்கு உங்கப்பாவுக்குக் காய்ச்சல்" என்றாள் அம்மா. "மழையில போகாதீங்கன்னு நான்தான் கதவை மறிச்சேன். பெரியவரைக் கூப்பிட்டு, இன்னிக்கு ஒரு நாள் நீங்க போங்கன்னு சொல்லி அனுப்பினதும் நான்தான்."

அம்மாவின் குரல் தாழ்ந்தது.

"அதை வெளிய சொன்னா என் தலையில விழும்னுதான்டி அந்த மனுஷன் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கல."